கை ஆறிவிட்டது

பூனையை "அது" என்றுதான் சொல்ல வேண்டும். மாடு வந்தது, பூனை போனது என்று பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்ததுதான். அதை ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தால் கண்ணாடிக்கடை லென்ஸ்காரருக்கு இத்தனை வம்பு வந்திருக்காது. ஆனால் தனிக்கட்டையாக இருக்கிற மனுஷன் இலக்கணம் பார்த்தா பேசுவான்? வீட்டில் இருக்கிற ஒரே உயிரைப் போய் "அது" என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "அவ" என்றே சொல்லிப் பழகிவிட்டார். நாமும் அவள் என்றே வைத்துக்கொள்வோம், அவரோடு எதற்கு வீண் சண்டை. வீட்டுச் சுவருக்குள் பேசிக்கொண்டிருந்தவரை ஒன்றும் ஆகவில்லை. ஒருநாள் கடையில் வாய்தவறி வந்துவிட்டது.

கடையின் முன்பக்கம் பளபளவென்று இருக்கும். சுற்றிலும் விளக்கு, அலமாரி நிறைய ஃப்ரேம், திரும்பின பக்கமெல்லாம் முகம் பார்க்கும் கண்ணாடி. இவர் வேலை பின்னறையில். அங்கே லென்ஸ் வெட்டுகிற மெஷின், அதற்குத் தண்ணீர்க் குழாய், ஒரு ஸ்டூல், ஒரு மேஜை விளக்கு. ஒருவர் திரும்பினால் இன்னொருவர் வெளியே போய் நிற்க வேண்டும். ஃப்ரேமின் அளவுக்கு லென்ஸை வெட்டி, ஓரத்தை மழுக்கி, துடைத்து, பொருத்தி அனுப்புவார். அவர் வேலையை ஒரே வரியில் சொல்வதென்றால், கீறல் விழாமல் பார்த்துக்கொள்வது. முடி கனத்துக்கு ஒரு கோடு விழுந்தாலும் அந்த லென்ஸ் குப்பைக்குத்தான். அப்படிப்பட்டவர் கை முழுக்கக் கீறலோடு வேலைக்கு வந்துகொண்டிருந்தார் என்பதுதான் வேடிக்கை.

மத்தியானச் சாப்பாடும் அவருக்கு அந்த ஸ்டூலில்தான். அப்படி யாரும் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் முன்பக்க மேஜையில் நாற்காலி காலியாக இல்லை, டப்பாவை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். மறுநாள் யாராவது கூப்பிடுவார்கள் என்று நினைத்தார். கூப்பிடவில்லை. கூப்பிடாததில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. கடையில் அவரிடம் வருகிற பேச்சு பெரும்பாலும் "ஆச்சாண்ணா?" என்ற ஒரு கேள்விதான். அவர் பதில் "ஆச்சு".

அன்று பின்னறைக் குழாய் பிய்த்துக்கொண்டு தரையெல்லாம் தண்ணீர். குழாய் வேலைக்காரர் வந்து உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் லென்ஸ்காரர் டப்பாவோடு முன்பக்கம் வந்தார். மேஜையில் மூன்று பேர் இருந்தார்கள். கல்லாவைப் பார்த்துக்கொள்ளும் கேஷியரம்மா, நாற்பதைத் தாண்டியவர், எல்லோருடைய டப்பாவிலும் என்ன இருக்கிறது என்று எட்டிப்பார்க்கிற சுபாவம். கண் டெஸ்ட் பண்ணும் பெண், வாய் அதிகம் திறக்காதவள். சேல்ஸ்மேன், வாயை மூடவே தெரியாதவன்.

டப்பாவைத் திறக்கும்போது சட்டைக் கை மேலே ஏறிக்கொண்டது. கேஷியரம்மா பார்த்துவிட்டார்.

"என்னண்ணா இது, கையெல்லாம் இப்படிக் கோடு கோடா?"

"அவதான்," என்றார் லென்ஸ்காரர், வாயில் சோற்றோடு. "விளையாட்டாத்தான் ஆரம்பிப்பா. போகப் போக வெறி வந்துடும்."

நாள் முழுக்கத் தனக்குத்தானே பேசிக்கொள்கிறவருக்கு எதிரில் இருப்பவருக்கு எது தெரியும், எது தெரியாது என்கிற நிதானம் போய்விடும். அவர் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே மூன்று கையும் பாதி வழியில் நின்றுவிட்டன.

"எப்போலேருந்துண்ணா?" என்று சேல்ஸ்மேன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"மழை ஆரம்பிச்சப்போ வந்தா. கீழ் வீட்ல இருந்தவதான். அவங்க காலி பண்ணிட்டுப் போறப்போ இவள விட்டுட்டுப் போயிட்டாங்க. மாடிப்படில உக்காந்து ஒரே அழுகை. மனசு கேக்கல, உள்ள கூட்டிட்டு வந்துட்டேன்."

"அடப்பாவமே," என்று கேஷியரம்மா நெஞ்சில் கை வைத்தார். "கட்டிக்கிட்டவன் விட்டுட்டுப் போனா அவ எங்கண்ணா போவா?"

லென்ஸ்காரருக்கு இந்தக் கேள்வி புரியவில்லை. புரிவதற்குள் சேல்ஸ்மேன் மேஜையைத் தட்டினான்.

"அப்போ எங்களுக்கு அண்ணி வந்தாச்சு! வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னீங்களாண்ணா? அமுக்குணி!"

அப்போதுதான் விளங்கியது. "ஐயோ, பூனைப்பா அது" என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் சேல்ஸ்மேன் தன் நாற்காலியை நகர்த்தி அவருக்கு இடம் பண்ணிவிட்டான். கேஷியரம்மா தன் டப்பாவிலிருந்து பாதி முட்டையை எடுத்து அவர் மூடியில் வைத்தார். வாய் திறக்காத அந்தப் பெண்கூட, "ரொம்ப நல்ல மனசு சார் உங்களுக்கு" என்று சொல்லிவிட்டாள். மூன்று முகமும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குப் பழக்கமில்லாத விஷயம். கூச்சமாக இருந்தது. அதைவிட, சந்தோஷமாக இருந்தது.

"நெஜமாவே கூட இருக்காங்களாண்ணா?"

"ம்," என்றார்.

அவ்வளவுதான் அவர் சொன்ன பொய். ஒரு புள்ளி வைத்த எழுத்து, வாயைத் திறக்காமலே சொல்லிவிடலாம்.

மறுநாள் குழாய் சரியாகிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் பழைய நினைப்பில் ஸ்டூலில் உட்கார்ந்தார். "அண்ணா, எங்க போயிட்டீங்க? வாங்க!" என்று முன்பக்கத்திலிருந்து குரல் வந்தது. டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவர் ஓடின ஓட்டத்தை யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

வீட்டில் "அண்ணி" என்ன செய்துகொண்டிருந்தாள் என்றால், சோபாவின் ஒரு பக்கத்தை நார் நாராக்கிவிட்டு, ஜன்னல் திரையில் பாதி வரை ஏறி, இறங்கத் தெரியாமல் தொங்கிக்கொண்டிருந்தாள். சாம்பல் நிறம், வெள்ளைக் கால், எப்போதும் யாரோ கிள்ளிவிட்ட மாதிரி ஒரு முகம். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து பாய்ந்து கணுக்காலைக் கட்டிக்கொள்வாள். கட்டிக்கொள்வது என்று அவர் சொல்வார். முன்கால் இரண்டாலும் பிடித்து, பின்காலால் உதைத்து, பல்லையும் பதிப்பதற்கு வேறு பேர் உண்டு.

இந்தப் பழக்கத்தை ஏற்படுத்தினதே அவர்தான். வந்த புதிதில் உள்ளங்கைக்குள் அடங்குகிற உருவம். கட்டிலில் படுத்துக்கொண்டு போர்வைக்கு அடியில் விரலை அசைப்பார், அவள் பாய்ந்து பிடிப்பாள். பல்லா அது, அரிசி முனை. கடித்தால் கூச்சமாகத்தான் இருக்கும், வலிக்காது. "ஏய் ரவுடி! கடிச்சுப் பாரு, கடிச்சுப் பாரு" என்று இவரே தூண்டிவிடுவார். அத்தனை வருஷத்தில் அவரைத் தேடி வந்து தொட்ட உயிர் அது ஒன்றுதான். தம்பி குடும்பம் தனிக்குடித்தனம் போன பிறகு அந்த வீட்டில் அவர் கையை யாரும் பிடித்ததில்லை. பிறகு குட்டி வளர்ந்தது, பல்லும் நகமும் வளர்ந்தன, விளையாட்டு மட்டும் அதே விளையாட்டு. ஒருநாள் கீறின கோடு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை போய், ரத்தம் லென்ஸ் துடைக்கிற துணியில் பட்டுவிட்டது. முதலாளி மூக்கைச் சுளித்தார். "கஸ்டமர் கண்ணுல மாட்டுற சாமான்யா இது" என்றார். சரி, இனி சும்மா இருக்கக் கூடாது என்று ஒரு கூடையில் போட்டு மிருக டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார்.

டாக்டர் சிடுசிடுப்பான ஆள். "பேர் என்ன?"

"பேரெல்லாம் வைக்கல டாக்டர். வீட்ல இருக்கறதே ரெண்டு பேரு. நான், அவ. பேர் வெச்சு என்ன பண்ண?"

டாக்டர் ஒரு கணம் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். "இத யாரு பழக்கினது?"

"நான்தான்."

"தாயை விட்டு சீக்கிரமே பிரிஞ்சிருக்கு. கூடப் பொறந்ததுங்க இருந்திருந்தா அதுங்களே கத்துக்குடுத்திருக்கும். இது ஓங்கிக் கடிச்சா அது கத்திட்டு எழுந்து போயிடும், விளையாட வராது. அப்போ இதுக்குப் புரியும், இவ்வளவு கடிக்கக் கூடாதுன்னு. தனியா வளர்ந்ததுக்கு அந்த அளவு தெரியாது."

"இப்போ என்ன பண்றது?"

"கை விளையாட்டுச் சாமான் இல்ல. அத முதல்ல நீங்க கத்துக்குங்க. குச்சில கயிறு கட்டி ஆட்டுங்க, அதைப் பாயட்டும். கை மேல வந்து கடிச்சா கைய உருவாதீங்க, உருவினா இன்னும் இறுக்கும். அப்படியே தளர்த்திடுங்க. விட்டதும் ஒரு வார்த்தை பேசாம எழுந்து வெளிய போங்க. கொஞ்ச நேரம் கழிச்சு வாங்க. அடிக்கக் கூடாது, கத்தக் கூடாது, கொஞ்சக் கூடாது. ஒரு வயசுக்குள்ள சொல்லிக்குடுத்தா கத்துக்கும். அதுக்கப்புறம் கஷ்டம்."

நகத்தின் நுனியை எப்படி வெட்டுவது என்றும் காட்டிக்கொடுத்தார். கீறின இடத்தை சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார்.

லென்ஸ்காரர் கைவேலைக்காரர். ஒரு பழைய நாற்காலிக் காலை எடுத்து, சணல் கயிறு சுற்றி, பலகையில் நிறுத்தி ஆணி அடித்தார், நகத்தைத் தீட்டிக்கொள்ளட்டும் என்று. கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொள்கிற கயிறு கடையில் நிறைய உண்டு. அதில் ஒன்றை ஸ்கேலின் நுனியில் கட்டி, முனையில் ஒரு துணியை முடிந்தார். இதெல்லாம் சுலபமாக முடிந்தது. எழுந்து போவதுதான் முடியவில்லை. கடித்ததும் பேசாமல் எழுந்து, சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அந்தப் பக்கம் அவள் கதவைப் பிறாண்டிக்கொண்டு கத்துவாள். இந்தப் பக்கம் இவர் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். சாயங்காலம் ஒரு மனுஷக் குரலுக்காக வீடு திரும்புகிறவர் இல்லை அவர், பூனைக் குரலுக்காகத்தான் திரும்புகிறார். அதையும் கதவைச் சாத்தி வெளியே நிறுத்துவதென்றால்? அழுகை வரும் போலிருக்கும். "இருடி, இதோ வந்துட்டேன்" என்று நாக்கு நுனி வரை வரும். பேசக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொள்வார்.

கடையில் அண்ணி புராணம் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் உள்ளே நுழைந்ததும் கையைத்தான் பார்ப்பார்கள். "இன்னிக்கு எத்தனை விழுந்துச்சுண்ணா?" என்பான் சேல்ஸ்மேன். "அண்ணிகிட்ட சொல்லுங்க, நம்ம கடையில கீறல் விழாத கோட்டிங் இருக்கு, கைக்கும் போட்டுக்கலாம்னு!" மேஜையே சிரிக்கும். லென்ஸ்காரரும் சிரிப்பார். பொய் சொல்கிறோம் என்ற உறுத்தல் இருந்தது, இல்லாமல் என்ன. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் ஒரு பொய்யும் புதிதாகச் சொல்லவில்லை. டம்ளரைத் தள்ளி உடைத்துவிட்டாள் என்றார், உண்மை. சாப்பாடு பிடிக்காவிட்டால் தட்டைத் தொட மாட்டாள் என்றார், அதுவும் உண்மை. ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருப்பாள் என்றார். "பாவம், பொறந்த வீட்டு நெனப்பு" என்று கேஷியரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் ஒரு நீல ரிப்பன் வாங்கிவந்து, "நான் குடுத்தேன்னு சொல்லுங்க" என்றார். ரிப்பன் அன்று சாயங்காலமே கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

சில நாள் கழித்து கேஷியரம்மா பின்னறைக்கு வந்தார். ஏதோ ஒரு ஆர்டரைக் கேட்பது போல வந்து, மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் வாசலிலேயே நின்றார். லென்ஸ்காரர் அணைக்கப் போனார்.

"அணைக்காதீங்கண்ணா, ஓடட்டும்," என்றார். அந்தச் சத்தத்துக்குள்ளேயே, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் தூக்கிக் காட்டினார். நாலு விரல் பதிந்த தடம், பச்சையும் மஞ்சளுமாக. "எங்க வீட்லயும் உண்டுண்ணா. யாருகிட்டயும் சொன்னதில்ல. சொன்னா, நீ என்ன பண்ணினேன்னு கேப்பாங்க. நீங்க கேக்க மாட்டீங்க. நாம ரெண்டு பேரும் ஒரே கட்சி."

லென்ஸ்காரர் இப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். முதல் நாள் "ம்"முக்கு ஒரு சாக்கு உண்டு, அசந்தாப்பில் வந்துவிட்டது. இதற்குச் சாக்கு கிடையாது. ஆனால் அந்த அம்மா முகத்தில் அப்போது ஒரு நிம்மதி இருந்தது. அதைப் போய்க் கலைப்பதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உள்ளுக்குள் அது மட்டுமில்லை. ஒரு கட்சியில் தன்னைச் சேர்த்துக்கொண்டார்களே என்ற ஆசையும் இருந்தது.

"உங்க வீட்ல கோவம் வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார் கேஷியரம்மா.

"டாக்டர் ஒருத்தர் சொன்னாரும்மா. எதுத்துப் பேசாம, கையை உருவாம, எழுந்து வெளிய போயிடணுமாம். அப்போ புரிஞ்சுக்குவாங்களாம்."

வாயிலிருந்து வந்ததும் லென்ஸ்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். கேஷியரம்மா அதைப் பார்க்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே, "எழுந்து வெளிய போயிடணும்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார்.

குட்டி கற்றுக்கொண்டாள். ஒரே நாளில் இல்லை, ஒருநாள் ஒழுங்காக இருந்தால் மறுநாள் பழைய குருடி. ஆனால் கதவு சாத்துகிற நேரம் குறைந்துகொண்டே வந்தது. ஸ்கேலை எடுத்தாலே வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். துணி முடிச்சைப் பிடித்து, உருட்டி, மூச்சிரைக்க விளையாடி, பிறகு சாப்பிட்டு, பிறகு அவர் மடியில் வந்து படுத்தாள். ஒருநாள் விளையாட்டு மும்முரத்தில் கயிறு என்று நினைத்து அவர் விரலைப் பிடித்துவிட்டாள். பல் பட்டது. பட்டதும் தானாகவே நிறுத்தி, அவர் முகத்தை அண்ணாந்து பார்த்து, நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு விரலை விட்டாள். லென்ஸ்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டு, "என் கண்ணே, என் சமத்தே" என்று கொஞ்சித் தீர்த்தார். இப்படி ஒரு நல்ல சேதியை ஓடிப்போய் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. பூனையிடம் சொன்னார்.

கைக் கீறல்கள் காய்ந்தன, பொருக்கு உதிர்ந்தது. புதிதாக எதுவும் விழவில்லை. கடையில் எல்லோரும் கவனித்தார்கள். "அண்ணி திருந்திட்டாங்க!" என்று சேல்ஸ்மேன் அறிவித்தான். கேஷியரம்மா மட்டும் தினமும் அந்தக் கையைப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார்.

அன்று சாப்பாடு முடிந்து மற்ற இருவரும் முன்பக்கம் போய்விட்டார்கள். கேஷியரம்மா மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"அண்ணா, உங்களுக்கு ஒரு நன்றி சொல்லணும்."

"எனக்கு எதுக்கும்மா?"

"அக்கா வீட்டுக்குப் போயிடலாம்னு இருந்தேன். வேற ஊரு. அக்கா வான்னு சொல்லிட்டா, அங்க வேலைகூடப் பாத்து வெச்சிருக்கா. துணியெல்லாம் எடுத்துப் பையில வெச்சு, கட்டிலுக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிருந்தேன். அப்புறம் உங்க கையப் பாத்தேன். நாளாக நாளாக ஆறிக்கிட்டே வருது. மனுஷங்க மாறுவாங்க போலிருக்கேன்னு தோணிச்சு. நேத்து பையைப் பிரிச்சு எல்லாத்தையும் மறுபடி அலமாரில அடுக்கிட்டேன்." சிரிக்கப் பார்த்தார். "நானும் எழுந்து வெளிய போறேன்ணா. மாடிப்படில போய் நிக்கறேன். அவரு இன்னும் மாறல. உங்களுக்கும் கொஞ்ச நாளாச்சுல்ல?"

லென்ஸ்காரரின் கை மேஜைமேல் இருந்தது. ஒரு கோடு இல்லை. அதை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். சொன்னால் என்னவெல்லாம் போகும் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. இந்த நாற்காலி போகும், சிரிப்பு போகும், "அண்ணா, எங்க போயிட்டீங்க" என்ற குரல் போகும். எல்லாவற்றுக்கும் மேலே இந்த அம்மா போவார். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது அந்த அம்மாவின் சட்டைக் கைக்குள்ளே இருந்தது.

"அம்மா," என்றார். "அவ பூனை."

"இப்போ அவ்வளவு சாதுவா ஆயிட்டாங்களா?"

"சாதுவாகல. பூனைன்னா பூனை. நாலு காலு. வாலு."

கேஷியரம்மா துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. முதலில் சிரிப்புத்தான் வந்தது அவர் முகத்தில், சேல்ஸ்மேன் ஏதோ சொல்லும்போது வருகிற சிரிப்பு. லென்ஸ்காரர் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"கீழ் வீட்ல..."

"பூனைக்குட்டியத்தான் விட்டுட்டுப் போனாங்க."

"அந்த ரிப்பன்?"

"அதை உருட்டித்தான் விளையாடுவா."

கேஷியரம்மா துணியை மடித்தார். இன்னொரு மடிப்பு மடித்தார். "நீங்க சொன்னது கதைண்ணா," என்றார், குரலை உயர்த்தாமல். "நான் சொன்னது கதை இல்ல."

லென்ஸ்காரருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "தெரியும்மா. அதனாலதான் இப்போ சொல்றேன். மொத நாளே சொல்லியிருக்கணும். நீங்க எல்லாம் கூப்பிட்டு உக்கார வெச்சீங்க, எனக்கு எழுந்து போக மனசு வரல. நான் பண்ணினது தப்பு. ஆனா அந்த டாக்டர் சொன்னது பூனைக்கும்மா. குட்டிக்கு. ஒரு வயசுக்குள்ள இருந்தா கத்துக்கும்னுதான் சொன்னாரு. உங்க வீட்டுக்காரருக்கு என்ன வயசு?"

முன்பக்கம் யாரோ பில் போட நின்றார்கள், "மேடம்" என்று சேல்ஸ்மேன் கூப்பிட்டான். கேஷியரம்மா துணியைக் கொடியில் போட்டுவிட்டு, முகத்தைச் சரிசெய்துகொண்டு கல்லாவுக்குப் போனார். அன்று கடை சாத்துகிற வரை அவர் பின்பக்கம் திரும்பவேயில்லை.

மறுநாளும் அவர் வந்தார், பேசவில்லை. அதற்கடுத்த நாள் வரவில்லை. அவசரமாக ஊருக்குப் போகிறாராம், இனி வர மாட்டாராம் என்று முதலாளி எரிச்சலோடு சொன்னார். கல்லாவில் இரண்டு நாள் முதலாளியே உட்கார்ந்தார், பிறகு வேறு ஆள் வந்தது.

அந்த நாட்களில் லென்ஸ்காரர் தன் டப்பாவோடு பின்னறை ஸ்டூலிலேயே உட்கார்ந்தார். விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும், இனி எந்த முகத்தோடு போவது என்று. ஆனால் புது ஆள் வந்த அன்று "அண்ணா, வாங்க!" என்று குரல் வந்தது. போனார். சேல்ஸ்மேன் நாற்காலியை நகர்த்திவிட்டு, "அண்ணி எப்படி இருக்காங்க?" என்றான். அந்த அம்மா ஒருவரிடமும் சொல்லாமல் போயிருக்கிறார்.

அதைத் தாங்கிக்கொள்ள அவரால் முடியவில்லை. டப்பாவை மூடிவிட்டுச் சொன்னார், "தம்பி, அண்ணி எல்லாம் கெடையாது. அது பூனை."

மேஜையில் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு சேல்ஸ்மேன் விழுந்து விழுந்து சிரித்தான். "குடுத்து வெச்சவர்ணா நீங்க! நம்ம வீட்ல இருக்கறது புலி!" கண் டெஸ்ட் பண்ணும் பெண்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். புதிதாகக் கல்லாவுக்கு வந்தவருக்கு ஒன்றும் புரியாமல், அவரும் சிரித்து வைத்தார்.

"நெஜமாத்தான் சொல்றேன்," என்றார் லென்ஸ்காரர்.

"நெஜந்தாண்ணா, யார் இல்லேன்னா?" என்றான் சேல்ஸ்மேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அவர் அதற்கு மேல் வாதாடவில்லை. சிரிப்பு அடங்கினதும், கேட்க வேண்டும் என்று இரண்டு மூன்று நாளாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டார்.

"அவங்க எந்த ஊருக்குப் போனாங்க? அக்கா வீடு எங்க?"

"யாருண்ணா?"

"கேஷ்ல இருந்தாங்களே."

"எங்களுக்கு எப்படிண்ணா தெரியும்?" என்றான் சேல்ஸ்மேன். "நீங்கதானே அவங்ககூட நல்லாப் பேசுவீங்க."